மாதவிடாய் அளவு மீறும்போது

சம்பள நாளன்று மாலையில் தெரணியகலைப் பக்கத்துச் சின்ன பஸார் ஒன்றில் நின்று பார்த்திருக்கிறேன். தேயிலை மலையிலிருந்தும் இறப்பர் தோட்டத்திலிருந்தும் இறங்கி வரும் பெண்கள் கடன் கொப்பியைத் தீர்த்துவிட்டு அரிசி, மா, சீனி, கருவாடு என்று வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவார்கள். ஓரிருவர் மட்டும் போகாமல் ஓரமாக நிற்பார்கள். முதலாளி மறுபக்கம் திரும்பியதும் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டு வாசலுக்குப் போய், "ராத்தா, கொஞ்சம் வெளிய வாங்க. நானாகிட்ட கேக்க வெக்கமா இருக்கு" என்று மெல்லச் சொல்வார்கள். ராத்தா உள்ளே போய்ப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதியொன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்.

அப்படி வந்த ஒருத்தியிடம் ஒருநாள் ராத்தா கேட்டுவிட்டார். "என்ன புள்ள, போன கிழமதானே ரெண்டு பெக்கட் கொண்டு போன?"

"முடிஞ்சு போச்சுங்க ராத்தா. நிக்கவே மாட்டேங்குது. ஒடம்பு சூடுதானே, தானா சரியாப் போயிரும்."

ராத்தா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தன் கதையையும் சொல்ல வேண்டி வரும். அவருக்கும் அதே கஷ்டம்தான். ஒவ்வொரு மாதமும் 12, 13 நாட்கள் என்று ஒரு வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருந்தது. நாட்களை அவர் அறியாமலில்லை. களாச் செய்ய வேண்டிய நோன்புக் கணக்குக்காகச் சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி வைத்திருந்தார். "பதினைந்தைத் தாண்டவில்லையே, ஹைழ்தானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த வருட ரமழானில் ஸஹர் சமைக்க எழும்பியவர் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சோதித்தபோது ஹீமோகுளோபின் 6. திருமணமாகிய பெண்ணொருத்திக்கு, அவள் கர்ப்பிணியாக இல்லாவிட்டால், 12க்குக் குறையாமல் இருக்க வேண்டியது அது.

அன்புச் சகோதரிகளே! மலையில் கொழுந்து பறிப்பவளும், மலையடிவாரத்தில் கடை நடத்தும் வீட்டுக்காரியும் ஒரே நோயை ஒரே விதமாக மறைத்து வைத்திருந்தார்கள். ஒருத்தி சூடு என்றாள். மற்றவர் ஹைழ் என்றார். இரண்டு பேருமே டொக்டரிடம் போகவில்லை.

கருப்பை என்ன செய்கிறது?

மூடிய கைப்பிடியளவும் இல்லாத ஒரு சிறு உறுப்பு. ஒரு கொய்யாக்காயைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியிருக்கும், அப்படி இருக்கும். நீளம் 7 அல்லது 8 சென்ரிமீற்றர். சுவர் முழுவதும் தடித்த தசை. உள்ளே மெல்லிய ஒரு பூச்சு. மாதந்தோறும் கட்டி எழுப்பப்பட்டு, கரு தங்காவிட்டால் கழன்று விழுவது இந்தப் பூச்சுத்தான்.

மேசன் சுவருக்குச் சாந்து பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரஜன் என்னும் ஹோர்மோன் சாந்தை அப்பி அப்பித் தடிப்பாக்குகிறது. முட்டை வெளிவந்த பின்னர் சுரக்கும் புரஜெஸ்டரோன் அந்தச் சாந்தை இறுக்கிப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்கவில்லையென்றால் இரண்டு ஹோர்மோன்களும் இறங்கிவிடும். பூச்சு முழுவதும் ஒரே சீராகக் கழன்று வரும். கருப்பைத் தசை சுருங்கி, திறந்த இரத்தக் குழாய்களை நெரித்து மூடும். அத்துடன் இரத்தம் நிற்கும்.

முட்டை வெளிவராத மாதத்தில் புரஜெஸ்டரோன் இல்லை. சாந்து தடித்துக்கொண்டே போகிறது, இறுகுவதில்லை. பிறகு இன்று ஒரு துண்டு, நாளை ஒரு துண்டு என்று உதிர்கிறது. இரண்டு மாதம் வராமலிருந்து, வந்தால் மூன்று கிழமைக்கு நிற்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பெரிய பிள்ளையான புதிதில் ஓரிரு வருடங்களுக்கும், மாதவிடாய் நிற்கப்போகும் நாற்பதுகளின் பிற்பகுதியிலும் இது அதிகம். தைரொயிட் கோளாறு உள்ளவர்களுக்கும், சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ளவர்களுக்கும் எந்த வயதிலும் வரலாம்.

எவ்வளவு போனால் அதிகம்?

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் இருக்கலாம். 28 நாள் என்பது சராசரி மட்டுமே. கலண்டர் மாதிரி 28இல் வரவில்லையே என்று பயப்படத் தேவையில்லை. இரத்தம் போகும் நாட்கள் 8ஐத் தாண்டக்கூடாது. ஒரு தடவையில் வெளியேறுவது சாதாரணமாக 30, 40 மில்லிலீற்றர். 80 மில்லிலீற்றர் தாண்டினால் அதிகம் என்ற கணக்கு, 1966இல் சுவீடனின் கொதன்பேர்க் நகரத்துப் பெண்களைச் சோதித்து வெளியிடப்பட்ட ஆய்வொன்றிலிருந்து வந்தது.

நாம் யார் அளந்து பார்க்கப் போகிறோம்? ஆகவே வேறு அடையாளங்களைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் துணியோ பேடோ நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் மாற்றுவதற்காகவே எழும்ப வேண்டியிருக்கிறதா? பாக்களவுக்கு மேல் கட்டி கட்டியாகப் போகிறதா? மாடிப்படி ஏறினால், குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், காட்ட வேண்டும். இப்போது மருத்துவர்கள் மில்லிலீற்றரை விடப் பெண்ணின் வாய்மொழிக்கே மதிப்புக் கொடுக்கிறார்கள். அவளுடைய வேலையையும் நிம்மதியையும் கெடுக்கும் அளவு போனால் அதுவே அதிகம்.

மலையில் நிற்கும் பெண்ணுக்கு இந்த வேலைக் கெடுதி எப்படியென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் ஏறினால் கொழுந்து நிறுக்கும் நேரம் வரை மாற்ற மறைவான இடமில்லை. தண்ணீரில்லை. இடுப்பில் கட்டிய படங்குதான் கறையை மறைக்கிறது. காலில் வழிந்ததை யாராவது கண்டுவிட்டால் அட்டை கடித்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம், சப்ரகமுவ மழைக்கு அட்டைக்குக் குறைவில்லை. களைத்து உட்கார்ந்தால் கிலோ குறையும், அரைப்பேர்தான் விழும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அதுவுமில்லை. அவள் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பதினைந்து நாள் கணக்கு

நம் வீட்டுப் பெண்களிடம் வேறொரு தடை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமையாகாது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக்கூடிய அளவு 15 நாட்கள். இரு ஹைழ்களுக்கு இடையே ஆகக்குறைந்த சுத்தமும் 15 நாட்கள். இந்த எல்லைக்கு அப்பால் போவது இஸ்திஹாழா. அப்போது தொழுகையும் நோன்பும் விடுபடுவதில்லை. இதெல்லாம் நம் உம்மாமார் மனப்பாடமாக வைத்திருக்கும் சட்டம். ஆனால் இந்தச் சட்டம் எதற்காக? எப்போது தொழுவது, எப்போது விடுவது என்று அறிவதற்காக. பதினைந்துக்குள் நின்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அது சொல்லவேயில்லை.

மேலே சொன்ன ராத்தாவையே பாருங்கள். 13 நாள் இரத்தம், 15 அல்லது 16 நாள் சுத்தம். மார்க்கக் கணக்கில் அவ்வளவும் ஹைழாக அமைந்துவிடலாம். மருத்துவக் கணக்கில் 8 நாளைத் தாண்டியபோதே அது கோளாறு. இரண்டு கணக்கும் இரண்டு வேலைக்கானவை. முதலாவதைப் படித்த நாம் இரண்டாவதைப் படிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்துப் பெண்கள் இதை மறைத்ததாகவும் தெரியவில்லை. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் இரத்தம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று நேரே வந்து கேட்டார்கள். அது ஹைழல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்ற விளக்கம் கிடைத்தது. உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கு ஏழு வருடம் இந்தக் கஷ்டம் இருந்தது. அவர்களும் கேட்டார்கள். சுத்தமாகிவிட்டோமா என்று அறிய, பஞ்சை அப்படியே ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுப்பிக் காட்டிய பெண்களும் இருந்தார்கள். நாமோ கூடப்பிறந்த சகோதரிக்கும் சொல்வதில்லை.

இன்னொன்று. நோன்பு முப்பதையும் விடாமல் பிடிக்கவும், உம்றாவில் தவாப் தடைப்படாதிருக்கவும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் பார்மசியில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒருநாள் மறந்தால் இடையில் இரத்தம் படும். விட்டதும் ஒரேயடியாகப் பெருகலாம். முன்பு இரத்தக்கட்டு அடைப்பு ஏற்பட்டவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் ஆபத்தும் உண்டு. போடத்தான் வேண்டுமென்றால் டொக்டரைக் கேட்டுப் போடுங்கள்.

தேயிலையும் இரும்பும்

ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லிலீற்றர் போனால் 40 மில்லிகிராம் போய்விட்டது. நாம் உண்ணும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். அதிலும் அன்றாடத் தேய்மானத்துக்கு ஒரு மில்லிகிராம் போய்விடும். மாதம் முழுவதும் சேர்த்தது ஒரு மாதவிடாயில் கரைந்தால் மிச்சமென்ன? முதலில் ஈரலிலுள்ள சேமிப்புப் போகும். பிறகு இரத்தம் வெளுக்கும். களைப்பு, தலைமுடி உதிர்வு, நெஞ்சு படபடப்பு, மண்ணையோ பச்சை அரிசியையோ தின்னத் தோன்றுவது எல்லாம் இதன் பிறகு வருபவை.

தோட்டத்துத் தொழிலாளியின் இரத்தக் குறைவு இன்று கண்டுபிடித்த விடயமல்ல. கொக்கிப்புழு குடலில் ஒட்டி இரத்தம் குடிப்பதைத் தடுக்க அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இலேயே இலங்கைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். வேலையாளின் பலம் குறைந்தால் வேலை குறையும் என்ற கணக்கு தோட்டத்துரைமாருக்கும் புரிந்திருந்தது. புழு குடித்த இரத்தத்தைப் பற்றி அன்றே பேசினார்கள். மாதாமாதம் பெண்ணுக்குப் போகும் இரத்தத்தைப் பற்றிப் பேச இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

தேயிலை விளையும் நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். சோற்றோடும் ரொட்டியோடும் குடிக்கும் பிளேன்டீ சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாது. அதிலுள்ள தனின் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ குடியுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம் தின்னுங்கள். நோன்பு காலத்தில் இப்தார் தேநீரோடு சேர்க்காமல் தராவீஹுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். அளவு சரியான பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிறையும். ஈரல், மாட்டிறைச்சி, நெத்தலி, பயறு, கவ்பி, கீரை எல்லாம் நல்லவை. ஆனால் 6இலும் 7இலும் நிற்பவரை முருங்கைக்கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லையென்றால் தலசீமியா சாயல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அயல் மாவட்டமான குருநாகலில் இதற்கென்றே பெரிய நிலையம் இருக்கிறது.

காரணங்கள் பல

உலக மகப்பேற்று, பெண்நோயியல் மருத்துவர் சம்மேளனம் 2011இல் காரணங்களை ஒன்பதாக வகுத்தது. நான்கு, ஸ்கேனிலோ சோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை. அவை தசையில் வளரும் பைப்ரொயிட் கட்டிகள், உட்பூச்சில் தொங்கும் சதை, பூச்சு தசைக்குள் ஊடுருவி வளர்தல், புற்றுநோய் அல்லது அதற்கு முந்திய நிலை. மற்றவை கண்ணுக்குத் தெரியாதவை. இரத்தம் உறையாத குணம், முட்டை ஒழுங்காக வெளிவராமை, மருந்துகள் போன்றவை. பைப்ரொயிட் என்றதும் புற்றுநோய் என்று பதறுகிறார்கள். அது மிகமிகப் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான்.

குடும்பத் திட்டத்துக்குச் செப்பு லூப் போட்டவர்களுக்கு இரத்தம் கூடுவதுண்டு. மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் குச்சி போன்றவற்றால் துளித்துளியாகப் படலாம். மிட்வைபிடம் சொன்னால் மாற்றுவழி சொல்வார்.

பெரிய பிள்ளையான நாளிலிருந்தே மகளுக்கு அளவுக்கு மீறிப் போகிறதென்றால் உம்மாமார் "எனக்கும் அப்படித்தான் போனது" என்று விட்டுவிடக்கூடாது. உங்களுக்கும் அப்படியென்றால் அது பரம்பரை உறைதல் குறைபாடாக இருக்கலாம். பின்லாந்து மருத்துவர் எரிக் வொன் வில்பிராண்ட் 1926இல் இந்நோயை முதன்முதலில் எழுதியது, ஓலண்ட் தீவுக் குடும்பமொன்றில் கண்ட சிறுமியை வைத்துத்தான். அந்தப் பிள்ளை பின்னர் 13 வயதில், நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் மரணமானாள். பல் துலக்கும்போது இரத்தம், மூக்கால் இரத்தம், சின்ன அடிக்கே கன்றிப்போதல் என்பவையும் சேர்ந்திருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் தாமதிக்கக் கூடாது. கணவனுடன் சேர்ந்த பின் இரத்தம் படுவதும் அப்படியே. நாள் தள்ளிப்போயிருந்து, இரத்தமும் அடிவயிற்று வலியும் வந்தால் அது குழாயில் தங்கிய கர்ப்பமாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போனால் என்ன செய்வார்கள்?

பயம் முழுவதும் இங்கேதான். திருமணமாகாத பிள்ளைக்கு உள்சோதனை செய்துவிடுவார்களோ என்று உம்மாமார் அஞ்சுகிறார்கள். வயிற்றின் மேலாலேயே ஸ்கேன் எடுப்பார்கள். இரத்தம் சோதிப்பார்கள். பெரியவர்களுக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும், தேவையென்றால் தைரொயிட் பரிசோதனையும் செய்வார்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உட்பூச்சில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பதுண்டு. பெண் டொக்டர் இல்லாவிட்டால் நேர்ஸ் ஒருவரை அருகில் நிற்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

முதற்படி உங்கள் பகுதி மிட்வைப்தான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுவஸ்த நாரி கிளினிக் 1996 முதல் இருக்கிறது. 35 வயதில் கருப்பைக் கழுத்துச் சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும் போடுகிறார்கள். வேண்டாமென்று கடிதம் கொடுத்து அனுப்பாதீர்கள். ஸ்கேனுக்கும் விசேட வைத்தியருக்கும் இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளும் பலாங்கொடை, கரவனல்லை, மாவனல்லை ஆதார வைத்தியசாலைகளும் இருக்கின்றன.

மருந்துகளில் பெரும் பங்கு, மாதவிடாய் நாட்களில் மட்டும் போடும் டிரனெக்ஸமிக் அமிலத்துக்கு. இதைக் கண்டறிந்தவர் ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண்மணி. பிரசவத்தில் இரத்தம் போய் இறக்கும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டுமென்று, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நின்று, கணவருடன் சேர்ந்து 1962இல் இதை வெளியிட்டார். ஹோர்மோன் மாத்திரைகளும் உண்டு. ஹோர்மோன் உள்ள லூப்பும் இருக்கிறது, விலை கூடியது என்றாலும் இரத்தத்தை வெகுவாகக் குறைக்கும்.

இவற்றையெல்லாம் பார்க்காமல் "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று சொல்பவர்களிடம் அவசரப்படாதீர்கள். எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது உயிர் காப்பது. ஆனால் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து பீட் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்ட வேண்டும். 2019இல் அரசாங்கக் குழு 82,309 பெண்களை விசாரித்தபோது 13,861 பேர் கருப்பையை எடுத்திருந்தார்கள். நாற்பது வயதாகாதவர்களும் அதிலிருந்தார்கள். சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் இளம் வயதிலேயே எலும்பு தேயும், இருதயத்துக்கும் கேடு. கூலி நாள் தவறாமலிருக்க உறுப்பையே கொடுத்தவர்கள் அவர்கள்.

இதை வாசிக்கும் சகோதரர்கள் யாராவது இருந்தால், பெக்கட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றாமலும் கேட்பவளின் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமலும் கொடுத்தால் பெரிய உபகாரம்.

ராத்தாவுக்கு இரண்டு பைந்த் இரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் பைப்ரொயிட் கட்டி இருந்தது. மருந்திலேயே ஆறு நாளுக்கு வந்துவிட்டது, இப்போதைக்கு ஒபரேஷன் தேவையில்லை என்றார்கள். அடுத்த சம்பள நாளில் அந்தக் கொழுந்துக்காரப் பெண் வந்தபோது, "புள்ள, புதன்கிழம எனக்குக் கிளினிக். நீயும் வா, பஸ் காசு நான் தாறன்" என்றார் ராத்தா. அவளுக்கு ஹீமோகுளோபின் 8. ஐந்து வருடமாக இருந்த லூப்பைக் கழற்றி வேறுமுறை கொடுத்தார்கள். வரும் வழியில் பஸ் நிலையத்துக் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தார்களாம். மாத்திரை போட இன்னும் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று ராத்தா மணிக்கூட்டைப் பார்த்தாராம்.